முண்டாசு மாமா பதில்கள்: இந்த மாசம் முழுக்கத் தலப்பா

போன மாசம் கடைசி வரியில "தலைப்பாகை பத்தி யாருக்காச்சும் ஏதும் கேக்கணுமா"ன்னு சும்மா போட்டு வச்சேன், நாலு பேரு எழுதுவாங்கன்னு நெனச்சேன், இப்ப தையல் மிஷின் மேல லெட்டரும் வாட்சாப் பிரிண்டும் குவிஞ்சு கெடக்கு, துணி வெட்ட எடம் இல்ல. மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல இருவது வருஷத்துக்கு மேல தையக்கடை வச்சிருக்கேன், ரவிக்கைய விட மாப்பிள்ளைத் தலைதான் எனக்கு அதிகம் சோறு போட்டிருக்கு, அதனால தெரிஞ்சதச் சொல்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விய ஒண்ணாச் சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: தலைப்பாகை, முண்டாசு, உருமா, பரிவட்டம் எல்லாம் ஒண்ணுதானா மாமா? எங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லிச் சண்டை போடறாங்க. (வாசகர், கோலகங்சார்)

துணி ஒண்ணுதான் தம்பி, கட்டுற எடமும் கட்டுற ஆளும்தான் வேற. வேலைக்காட்டுல வெயிலுக்கும் வேர்வைக்கும் தோள்ல கெடக்குற துண்ட எடுத்து ரெண்டு சுத்து சுத்திச் சொருவுனா அது முண்டாசு, அதுக்குக் கண்ணாடி கூட வேணாம், நடந்துகிட்டே கட்டிறலாம். மடிப்பு எடுத்து, அளவு பாத்து, சபைக்குப் போறதுக்குக் கட்டுனா தலைப்பாகை. பரிவட்டம் நாமளாக் கட்டிக்கிறது கெடையாது, சாமிக்குச் சாத்தின துணிய எடுத்து கோயில்ல நம்ம தலையில கட்டி விடற மரியாதை அது. உருமாவும் அடுத்தவங்க கை கட்டி விடறதுதான், கல்யாணத்துலயும் வரும் கருமாதியிலயும் வரும், அதுக்குன்னு கீழ ஒரு லெட்டர் இருக்கு அங்க சொல்றேன். 

உருமா, உருமால் ரெண்டும் ஒண்ணுதான், பாரசீகத்து ரூமால்ல இருந்து வந்தது. ரூன்னா மூஞ்சி, மால்னா தொடைக்கிறது. மூஞ்சி தொடைக்கிற துணி நம்மகிட்ட வந்து தலைக்கு ஏறிடுச்சு பாருங்க. வெள்ளைக்காரன் சொல்ற டர்பனும் பாரசீகத்து துல்பந்த்தான், டூலிப் பூவுக்கும் அதே பேருதான், பூவப் பாத்தா தலப்பா கட்டுன மாதிரி இருக்கேன்னு வச்சிருக்காங்க. உங்க வீட்டுச் சண்டையில எல்லாருக்கும் பாதி பாதி ஜெயிப்புன்னு சொல்லிருங்க.

கேள்வி: வர்ற தை மாசம் மூத்தவனுக்குக் கல்யாணம். ரெடிமேட் தலப்பா வாங்கிடலாம்ங்கிறான் பையன், மாமனுங்க கட்டித்தான் ஆகணும்ங்கிறாங்க. கட்டுறதுன்னா எத்தனை மீட்டர் துணி, என்ன துணி, வீட்லயே கட்ட முடியுமா? (வாசகி, தாப்பா)

இதே கேள்விய இன்னும் ஏழு பேரு கேட்டிருக்காங்க, அதனால இதுக்குக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், கத்திரிச்சு வச்சுக்குங்க.

மொதல்ல ரெடிமேட் கதை. என் அக்கா மகன் கல்யாணத்துக்கு அவன் பட்டணத்துல ஒரு கடையில போயி ஒண்ணு வாங்கிட்டு வந்தான், பாக்க ஜோரா இருந்துச்சு, மெரூன் கலரு, முன்னாடி கல்லு வச்ச புரோச், மேல மயில்தோகை மாதிரி விசிறி. உள்ள பாத்தா அட்டை, அட்டை மேல பசை, பசை மேல துணி. அவனுக்குத் தலை 59 சென்டி, அது செஞ்சிருந்தது 56க்கு. மத்தியானம் மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளை அழைப்பு, நம்ம ஊரு வெயிலத்தான் சொல்லணுமா, உறுமி அடிக்கிறான், பையன் வேர்த்து ஊத்துறான், அட்டை ஊறிப் போச்சு. மணவறைக்கு வந்து பெரியவங்க கால்ல விழ குனிஞ்சான், புரோச் தனியா, விசிறி தனியா கழண்டு விழுந்து, அட்டை மட்டும் நெத்தியில ஒட்டிக்கிட்டு நிக்குது. வீடியோக்காரன் அதையும் விடாம எடுத்து வச்சிருக்கான். தையக்கடைக்காரன் அக்கா மகனுக்கே இந்தக் கதி, நான் கூட்டத்துக்குப் பின்னாடி போயி நின்னுகிட்டேன்.

அதனால என் கட்சி மாமனுங்க கட்சி. கட்டுறதுல ஒரு வித்தையும் இல்லம்மா, மடிப்பும் பின்னந்தலையும்தான் விஷயம்.

துணி: 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். மல்லுத் துணியோ மெல்லிசான வாயில் துணியோ பாருங்க, காட்டனா இருக்கணும், பளபளன்னு வேணும்னா ஓரத்துல ஜரிகை வச்சுத் தச்சுக்கலாம். பாலியஸ்டர் வேணாம், அது தன் மேலயே வழுக்கும். கடையில துணிய ரெண்டு கையாலயும் மூலைக்கு மூலை குறுக்கால இழுத்துப் பாருங்க, கொஞ்சம் கொடுத்து வாங்குச்சுன்னா அதுதான் நமக்கு வேண்டிய துணி, ஏன்னா தலை உருண்டை, நேர் இழை உருண்டையில படியாது, குறுக்கிழைதான் படியும்.

மடிப்பு: ரெண்டு பேரு வேணும். துணியில லேசாத் தண்ணி தெளிச்சு, நீளவாக்குல ரெண்டு முனையில ரெண்டு பேரு நின்னு, பாதியா மடி, திரும்பப் பாதி, திரும்பப் பாதி, எட்டு மடிப்பு வரும், அகலம் அரைச்சாண் நிக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தடவ ரெண்டு பேரும் வெடுக்குன்னு இழுக்கணும், கயிறு இழுக்குற போட்டி மாதிரி இல்ல, பெட்ஷீட் உதறுற மாதிரி. இந்த எடத்துலதான் எல்லாரும் அவசரப்படுவாங்க. மடிப்பு கோணலாப் போச்சுன்னா அப்புறம் எத்தனை ஊசி குத்துனாலும் நிக்காது.

அடியில: மாப்பிள்ளைத் தலையில எண்ணெய் இருக்கக் கூடாது, அன்னிக்கு ஒரு நாளைக்குச் சொல்லி வைங்க. ஒரு காட்டன் பட்டைய நெத்தியச் சுத்தி இறுக்கிக் கட்டிருங்க, தலப்பா தோல் மேல உக்காராம துணி மேல உக்காரும், துணிக்குத் துணி பிடிக்கும், வேர்வையவும் அதுவே குடிச்சிரும்.

சுத்து: ஒரு முழம் வாலுக்கு விட்டுட்டு, இடது காதுக்குப் பின்னாடி அந்த எடத்தப் பையனையே கையால பிடிச்சுக்கச் சொல்லுங்க. நெத்தியில புருவத்துக்கு ரெண்டு விரக்கடை மேல, காதுல மேல்பாதி மூடுற மாதிரி, பின்னாடி கொண்டு போங்க. இப்பதான் கவனம். உங்க பின்னந்தலையத் தடவிப் பாருங்க, ஒரு எலும்பு மேடு தட்டும். துணி அந்த மேட்டுக்குக் கீழ போகணும். மேட்டுக்கு மேல போனா ஒவ்வொரு சுத்துக்கும் மெல்ல மெல்ல மேல ஏறி கடைசியில எளநி மட்டை மாதிரி கழண்டு வந்துரும். கீழ போச்சுன்னா பூட்டுன மாதிரி. இருவது வருஷத்துல நான் கத்துக்கிட்டது மொத்தமே இந்த ஒரு எடந்தான்னு வச்சுக்குங்களேன்.

மொத சுத்து முடிஞ்சதும் அடுத்தது நெத்திக்கு வரும்போது வலது பக்கம் ஒரு விரல் மேல, அதுக்கடுத்தது இடது பக்கம் ஒரு விரல் மேல, இப்படி மாத்தி மாத்திப் போடுங்க, நெத்தி நடுவுல கத்தரிக்கோல் போட்ட மாதிரி அடுக்கு விழும். வால் போக மிச்சம் 4 மீட்டர் சொச்சம், சுத்து ஒண்ணுக்கு 60 சென்டியில ஆரம்பிச்சு போகப் போக கூடும், ஆக ஆறு சுத்து, தாராளமாப் போனா ஏழு. கடைசிச் சுத்துல ஒரு மடிப்ப மட்டும் பிரிச்சு உச்சந்தலைய மூடிப் பின்னாடி சொருவிடுங்க. விசிறி வேணும்னா முனைய ஒரு சாணுக்கு கொசுவம் எடுத்து மேல நிமித்தி நெத்தி அடுக்குக்குள்ள செருவி, உள்பக்கமா ஒரு ஊக்கு. ஊக்கு இந்த ஒண்ணுதான்.

இறுக்கம்: பொட்டு எலும்புகிட்ட உங்க சுண்டு விரல் நுழையணும், ஆள்காட்டி விரல் நுழையக் கூடாது. சுண்டு விரலும் நுழையலன்னா தாலி கட்டுறதுக்குள்ள பையனுக்குத் தலைவலி வந்துரும், போட்டோவுல எல்லாம் கடுகடுன்னு இருப்பான், பொண்ணு வீட்டுல வேற மாதிரி நெனச்சுக்குவாங்க. கட்டி முடிச்சதும் ஒரு தடவ கீழ விழுந்து கும்பிடச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் தலைய ஆட்டச் சொல்லுங்க. நின்னுச்சுன்னா அன்னிக்கு முழுக்க நிக்கும். கல்யாணத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மாமனையும் உக்கார வச்சுப் பழகிப் பாருங்கம்மா, மூணாவது தடவையில வந்துரும்.

கேள்வி: எங்க அம்மாவோட முகூர்த்தப் பட்டுல என் தம்பிக்குத் தலப்பா கட்டலாமா? அம்மா இப்ப இல்ல. (வாசகி, பீடோர்)

கட்டலாம் தங்கச்சி. புடவை அஞ்சரை மீட்டர், நீளம் தாராளம், அகலந்தான் கூட. ஆனா பட்டு வழுக்கும், ஜரிகைக் கனம் வேற. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு மாப்பிள்ளைக்கு வெறும் தலையில பட்டக் கட்டிவிட்டு, மாலை மாத்துற நேரத்துல அது கண்ணுக்கு இறங்கி, பொண்ணு எங்க நிக்குதுன்னு தெரியாம அவரு தோழன் கழுத்துக்கு மாலை போடப் போயிட்டாரு. அதுல இருந்து பட்டுன்னா அடியில காட்டன்ல ஒரு முழு தலப்பாவையே சின்னதா மூணு சுத்து கட்டிட்டு அதுக்கு மேலதான் பட்டு. பழைய பட்டு மடிச்ச கோட்டுலயே கிழியும், அதனால இழுத்து உதறாதீங்க, பாய் மேல விரிச்சு கையால மடிங்க. ஊக்கு குத்தவே குத்தாதீங்க, பட்டு நூலால ரெண்டு தையல் போட்டு அப்புறம் பிரிச்சுக்கலாம். முந்தானை ஜரிகை கடைசியில நெத்திக்கு வர்ற மாதிரி மறுமுனையில இருந்து ஆரம்பிங்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே காத்தாட நெழல்ல போட்டு எடுத்து வைங்க, வேர்வையோட பீரோவுக்குள்ள போச்சுன்னா நம்ம ஊரு ஈரத்துக்குப் பூசணம் புடிச்சிரும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில மாறுவேடப் போட்டி, என் மகன் ரெண்டாம் வகுப்பு, பாரதியார் வேஷம். முண்டாசு எப்படி? போன வருஷம் ஒரு பையன் பாரதியார்னு சொல்லி விவேகானந்தர் மாதிரி வந்துட்டான். (வாசகி, கம்பார்)

அது எல்லா வருஷமும் நடக்கும், நான் ரெண்டு தடவ நடுவரா உக்காந்து பாத்திருக்கேன். பாரதிக்கு வெள்ளை முண்டாசு, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை. விவேகானந்தருக்குக் காவி, மீசை கெடையாது, கையக் கட்டி நிக்கணும். ரெண்டு பேருக்குமே தலப்பா வெளியூரு போன எடத்துல வந்து ஒட்டிக்கிட்டதுங்கிறதுதான் வேடிக்கை. பாரதி சின்ன வயசுல காசிக்கு அத்தை வீட்டுக்குப் போயி அங்க இருந்தப்பதான் மீசையும் தலப்பாவும் வச்சுக்க ஆரம்பிச்சாரு. விவேகானந்தர் 1891ல ராஜஸ்தான் கேத்ரிக்குப் போனப்ப அந்த ஊரு மகாராஜா அஜித் சிங், அனல் காத்துக்குத் தலையில கட்டிக்குங்கன்னு சொல்லிக் குடுத்தாரு, அதத்தான் அவரு ரெண்டு வருஷங் கழிச்சு சிகாகோவுக்குக் கட்டிட்டுப் போனாரு.

எட்டு வயசுப் பையனுக்கு 5 மீட்டரெல்லாம் கட்டாதீங்க, தலை பூசணிக்கா மாதிரி ஆயிரும், மேடையில தூக்க முடியாம நிப்பான். அப்பாவோட நாலு முழ வேட்டி ஒண்ணு போதும், பழசா மெத்துன்னு இருந்தா நல்லது. கரை உள்ள போற மாதிரி மடிச்சு மூணு சுத்து. முண்டாசு ரொம்ப நறுவிசா இருக்கக் கூடாதுங்க, கவிஞர் கண்ணாடி முன்னாடி ஒரு மணி நேரம் நின்னு கட்டுன மாதிரி தெரிஞ்சா அது பாரதி இல்ல. மீசைக்கு மை போடுங்க, ஒட்டு மீசை வேணாம், "அச்சமில்லை"ன்னு வாயத் தொறந்ததும் விழுந்துரும்.

கேள்வி: பக்கத்து வீட்டு சிங் அங்கிள் ஹெல்மெட் இல்லாம மோட்டார் ஓட்டுறாரு, போலீஸ் ஒண்ணும் சொல்றதில்ல. நானும் தலப்பா கட்டிட்டு ஓட்டுனா விடுவாங்களா? இன்னொண்ணு, அவரு தலப்பா மட்டும் எப்படி மாமா அச்சுல வார்த்த மாதிரி இருக்கு? (வாசகர், பாகான் செராய்)

மொத கேள்விக்கு பதில் சம்மன். நம்ம நாட்டுல 1973ல ஹெல்மெட் விதி வந்தப்ப தலப்பா கட்டுன சீக்கியருக்கு விலக்கு குடுத்திருக்காங்க. பிரிட்டன்ல 1976ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. அவங்களுக்கு அது மதக் கடமை, உனக்கு அது ஹெல்மெட் போட சோம்பேறித்தனம், ரெண்டையும் போலீஸ்காரரு நல்லாவே பிரிச்சுப் பாப்பாரு.

ரெண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அவங்க அதத் தஸ்தார்னும் பக்னும் சொல்லுவாங்க. 1699ல குரு கோவிந்த் சிங் கால்சாங்கிற சீக்கியக் கூட்டமைப்ப அமைச்சப்ப வெட்டாத முடியும் அதுல ஒரு அடையாளம், அந்த முடியக் கொண்டையாப் போட்டு அதுக்கு மேல கட்டுறதுதான் தஸ்தார், அதனாலதான் அவங்க தலப்பாவுக்கு உள்ளேயே ஒரு தூணு இருக்கு, நம்ம மாப்பிள்ளைக்கு அது கெடையாது. நம்ம டவுன்ல பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சிங் கூட்டாளி இருக்காரு, காலையில ஆறு மணிக்கு அவரு வீட்டு அஞ்சடி நடைபாதையில நின்னு நானே பல தடவ பாத்திருக்கேன். ஆறு மீட்டர் வாயில் துணி, ஒரு முனை அவரு கையில, மறுமுனை மகன் கையில, மகன் வீட்ல இல்லன்னா கதவுக் கைப்பிடியில கட்டிருவாரு. இழுத்து இழுத்து மடிக்கிறதுக்குப் பூணின்னு பேரு. கீழ ஃபிஃப்டின்னு ஒரு சின்ன துணி நெத்தியச் சுத்திக் கட்டுவாரு, சமயத்துல அது வேற கலர்ல முக்கோணமா வெளிய தெரியும், அழகுக்குன்னு நெனைப்போம், அடித்துணிதான் அது. அப்புறம் ஒரு முனையப் பல்லுல கடிச்சுக்கிட்டு சுத்த ஆரம்பிப்பாரு, ஒவ்வொரு சுத்துக்கும் லட்னு பேரு, அடுக்கு அடுக்கா ஒவ்வொண்ணும் முந்துனதுல அரை விரல் மட்டும் வெளிய தெரியும். கடைசியில சலாய்னு ஒரு மழுங்குன கம்பி, அத விட்டுச் சுருக்கத்தையெல்லாம் உள்ள தள்ளுவாரு. மொத்தம் பத்து நிமிஷம். தெனமும். சாயங்காலம் தொப்பி மாதிரி தூக்கி ஆணியில மாட்ட மாட்டாரு, கட்டுன வழியிலயே அடுக்கடுக்காப் பிரிச்சு எடுப்பாரு. அச்சுல வார்த்த மாதிரி இருக்குன்னா அதுக்குக் காரணம் அந்த ஆளு நாப்பது வருஷமா தெனம் அதே தலைக்கு அதே கையால கட்டுறாரு, நாம ஆயுசுக்கு ஒரு நாள் கட்டுறோம்.

பாணியும் பல தினுசு இருக்கு. பட்டியாலா ஷாஹின்னா அடுக்கு சமமா, ஒரு பக்கம் கொஞ்சம் மெத்துன்னு நிக்கும். சின்னப் பசங்க கொண்டைக்கு மேல கட்டுறது பட்கா, அது ஒரு சதுரத் துணிதான். நிஹங்குங்கிற சீக்கியப் போர்வீரருங்க நீலத்துல கோபுரம் மாதிரி ஏத்திக் கட்டுவாங்க. இந்தியாவுல பிரதமரா இருந்த மன்மோகன் சிங் எப்பவும் வெளிர்நீலத்துலதான் இருந்தாரு, அது அவரு படிச்ச கேம்பிரிட்ஜ் கலரு.

ஒரு விஷயம் தம்பி, நம்ம பெருசுங்க அவங்கள "பெங்காலி"ன்னுதான் சொல்லிப் பழகிட்டாங்க, மலாய்க்காரங்களும் அப்படித்தான். அந்தக் காலத்துல கல்கத்தாவுல கப்பல் ஏறி வந்ததால வந்த பேரு, அவங்க பஞ்சாபிங்க. தைப்பிங்ல 1896ல மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படை வச்சப்ப அதுல பெரும்பாலும் அவங்கதான், நம்ம பேராக் மாநிலத்துக்கு அவங்க தலப்பா நம்ம முண்டாசோட சேந்து வந்ததுதான்.

கேள்வி: நம்ம காசு நோட்டுல மன்னர் தலையில இருக்குறது தலப்பாவா தொப்பியா? (மாணவர், சித்தியவான்)

தெங்கோலோக். துணிய மடிச்சு முறுக்கி ஒரு பக்கம் முனைய நிமித்தி வைக்கிறது, அதுவும் கட்டுற வகைதான். நோட்டுல இருக்குறவரு மொத மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான், நெகிரி செம்பிலான்காரரு, அதனால மாமன்னருக்கான கட்டே அந்த மாநிலத்துப் பாணியில நின்னு போச்சு, அதுக்குப் பேரு "டெண்டாம் தாக் சூடா". தீராத வஞ்சம்னு அர்த்தம் வரும், தீராத ஏக்கம்னும் சொல்லலாம். ஒரு கட்டுக்கு இப்படி ஒரு பேரு வைக்கணும்னு தோணிச்சு பாருங்க அந்த ஆளுக்கு, எனக்கு அவரு மேல பொறாமை.

கேள்வி: கோயிலுக்குள்ள தலைத்துண்டோட போகக் கூடாதுன்னு குருக்கள் திட்டிட்டாரு, அவரே அப்புறம் உபயக்காரருக்குத் தலையில துணி கட்டி விடறாரு. என்ன ஞாயம்? (வாசகர், ஈப்போ)

கோவம் புரியுது. நீங்க போட்டுட்டு வந்தது உங்க துணி, அவரு கட்டி விட்டது சாமி துணி, அதுதான் வித்தியாசம். நம்ம வழக்கத்துல பெரியவங்க முன்னாடி, சாமி முன்னாடி தலைத்துண்டு இடுப்புக்கு வரும். ரப்பர் தோட்டத்துல இத வேற மாதிரியும் பயன்படுத்துனாங்க. எங்க தாத்தா சொல்லுவாரு, காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்களத்துல தொரை மோட்டார் சத்தம் கேட்டாப் போதுமாம், தலையில இருந்த முண்டாசு எல்லாம் அவுந்து கக்கத்துக்குள்ள போயிருமாம், பெரிய கங்காணி தலப்பா மட்டும் அப்படியே இருக்குமாம், கோட்டும் தலப்பாவுமா நிப்பாராம். எங்க தாத்தாவுக்கு அந்தத் தலப்பா மேல சாகுற வரைக்கும் ஒரு கண்ணு. நான் மொத மொதல்ல கட்டிப் பழகுனது அவரு தலையிலதான், கட்டி முடிச்சதும் கண்ணாடியப் பாத்துட்டு "பெரட்டு எடுக்கலாம் போல"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. சரி, கேள்விக்கு வர்றேன், குருக்கள்கிட்ட சண்டை வேணாம், துண்ட இடுப்புல கட்டிக்கிட்டுப் போங்க. தப்பு மேளம் அடிக்கிற பசங்க கோயில் வாசலோட நிக்கிறதால தலைக்கட்டோடயே அடிக்கலாம், அத எங்கயும் யாரும் கொறை சொல்லிப் பாத்ததில்ல.

கேள்வி: அப்பா தவறி பதினாறாம் நாள் வருது. மாமன் உருமா கட்டணும்னு பெரியவங்க சொல்றாங்க. எனக்குச் சொந்த மாமன் இல்ல, மாமனார் வீட்டுலயும் யாரும் வர்ற நெலமையில இல்ல. கட்டாம விட்டா தப்பா? (வாசகர், தெலுக் இந்தான்)

அப்பா போன துக்கத்துல இது வேற கவலையா தம்பி. சொல்றேன் கேளு. ஒவ்வொரு வீட்டுக்கும் முறை மாறும், சில எடத்துல தாய்மாமன், சில எடத்துல பொண்ணு குடுத்த மாமனாரு இல்ல மச்சான், புதுத் துண்டோ வேட்டியோ வாங்கிட்டு வந்து மகன் தலையில கட்டுவாங்க. ஊர்ல கோயில் வரி பிரிக்கறப்ப ஒரு குடும்பத்த "ஒரு தலைக்கட்டு"ன்னுதான் எண்ணுவாங்க, கேட்டிருப்பே. அப்பா இருந்த வரைக்கும் அந்தக் கணக்குல அவரு பேரு, இனிமே உன் பேரு, அதத்தான் அந்தத் துணி சொல்லுது. அதனாலதான் அத நீயாக் கட்டிக்கிறதில்ல, வெளிய இருந்து உறவுமுறை வந்து கட்டுது.

சொந்த மாமன் இல்லன்னா மாமன் முறை ஆகுற யாரும் கட்டலாம், ஒண்ணுவிட்ட மாமன், அதே தோட்டத்துல வளந்து மாமான்னு கூப்பிட்ட ஒரு பெரியவர். நம்ம தோட்டங்கள்ல பாதிப் பேருக்கு மாமன் இந்தியாவுலயே தங்கிட்டாரு, அடுத்த லயத்து ஆளுங்கதான் மாமனா வந்து நின்னு இத்தனை காலமும் எல்லாத்தையும் நடத்துனாங்க. எங்க அப்பாவுக்கு நான் உக்காந்தப்ப எனக்குக் கட்டுனது அவரோட பால்மரம் வெட்டுன கூட்டாளி. அவருக்குக் கட்டவே தெரியல, ரெண்டு சுத்து சுத்தி முனைய எங்க விடறதுன்னு தெரியாம கை நடுங்கி அப்படியே பிடிச்சுக்கிட்டே நின்னாரு. நான் தொழிலே இதுதான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. அன்னிக்கு அந்தக் கட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே வீடு வரைக்கும் வந்தேன். நீ யாரயாவது ஒரு பெரியவரக் கூப்பிடு, கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

கேள்வி: தலப்பா கட்டுனா முடி கொட்டுமா? (வாசகர், தைப்பிங்)

ஒரு நாள் கட்டுனதுக்குக் கொட்டாது. தெனமும் முடிய வெடுக்குன்னு இழுத்து முடிஞ்சு அதுக்கு மேல இறுக்கிக் கட்டுனா நெத்தியோரம் முடி வலிச்சு வலிச்சுக் கொறையும், அத இழுப்பு வழுக்கைன்னு தோல் டாக்டருங்க சொல்லுவாங்க, கொண்டைய லூசாப் போட்டா சரி. ஈரத் தலையில மட்டும் கட்டாதீங்க, நாத்தம் உங்களுக்குத் தெரியாது, பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தெரியும்.

கேள்வி: ராஜஸ்தான் தலப்பா மாதிரி வால் தொங்க, கலர் கலரா கட்டணும்னு ஆசை. அதே 5 மீட்டர் போதுமா? (வாசகர், ஈப்போ)

பத்தாது. அவங்க சாஃபா சுமார் 9 மீட்டர், அகலம் ஒரு மீட்டர், வால் முதுகு வரைக்கும் போகும். பக்ரின்னு இன்னொண்ணு, அகலம் ஒரு சாணுதான், நீளம் 20 மீட்டர் பக்கம், கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கி முறுக்கிச் சுத்துவாங்க. அது வறண்ட ஊரு, மொத்தமாச் சுத்துனா வெயில் உள்ள எறங்காது. நம்ம ஈரத்துல 9 மீட்டரச் சுத்திட்டு நின்னா தலையில இட்லி வேகும். 6 மீட்டர் எடுத்து வால மட்டும் நீளமா விட்டுக்குங்க, போட்டோவுல வித்தியாசம் தெரியாது. கோடு கோடாச் சாயம் போட்ட லஹரியா துணி பசார் மாலாம்ங்கிற ராச்சந்தையில சமயத்துல ஷாலாக் கெடைக்கும், ரெண்ட ஒட்டித் தச்சாக் கூட ஆகும்.

கேள்வி: என் மக உறுமி மேளக் குழுவுல சேந்திருக்கா, 15 வயசு. குழுவுல பசங்க எல்லாம் சிவப்புத் தலைக்கட்டு கட்டுறாங்க, இவளும் கட்டணும்ங்கிறா. பொம்பளப் புள்ள தலப்பா கட்டலாமான்னு மாமியார் கேக்குறாங்க. (வாசகி, சுங்கை சிப்புட்)

நம்ம ஊரு லெட்டரு! உங்க மாமியார் எந்தத் தோட்டம்னு கேளுங்க, அவங்களே கட்டியிருப்பாங்க. எங்க அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவங்க, விடியறதுக்கு முந்தி கெளம்பறப்ப தலையில துணி கட்டாம ஒரு நாளும் போனதில்ல, கொசுவுக்கும் பனிக்கும் மரத்துல இருந்து சொட்டுற தண்ணிக்கும் அதுதான் காவல். ஆம்பளைங்க முண்டாசு முடிச்சு முன்னாடி இல்ல பக்கவாட்டுல வரும், அம்மாவோடது எப்பவும் பின்னங்கழுத்துல. ஏன்னு சின்னப் புள்ளையில கேட்டப்ப நெத்தியத் தட்டிக் காட்டுனாங்க, அங்க விளக்கு கட்டணுமாம்.

உங்க பொண்ணுக்கும் அந்தக் கட்டுதான் சரியா வரும். ரெண்டு மீட்டர் சிவப்பு காட்டன், மூலைக்கு மூலை மடிச்சு பட்டையா எடுத்துக்குங்க, சடையச் சுருட்டி ரப்பர் போட்டு கழுத்துப் பக்கமா எறக்கி வைங்க, உச்சியில கொண்டை வேணாம், உறுமிக்குக் குனிஞ்சு நிமிர்ற ஆட்டத்துக்கு அது தள்ளும். பட்டைய நெத்தியில ஆரம்பிச்சு ரெண்டு சுத்து, பின்னாடி சடைக்கு அடியில கொண்டு போயி ரெட்டை முடிச்சு. சிவப்புத் துணி புதுசா இருந்தா ரெண்டு தடவ தண்ணியில ஊற வச்சுத் தொவைச்சிருங்க, இல்லன்னா வேர்வையில சாயம் எறங்கி நெத்தியெல்லாம் குங்குமம் கொட்டுன மாதிரி ஆயிரும். முடிச்சு வரலன்னா சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கூட்டிட்டு வாங்க, மாமியாரையும் கூட்டிட்டு வாங்க, அவங்க கையே கட்டட்டும்.